இணைச்சீருக்கு யார் உட்காருவது

சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும் இல்லை. நான் ஏறினால் மட்டும் கண்டக்டருக்கு ஒரு வேலை கூடிவிடும். அவர் பார்வை என் கிராப்புத் தலையில் ஆரம்பித்து, சட்டைப் பை வழியாக இறங்கி, செருப்புவரை போய், மறுபடியும் மேலே ஏறி வரும். பாவம், பின்னால் இன்னும் பாதி பஸ் பாக்கி இருக்கும். நான் காசை நீட்டிவிடுவேன். இதை யாரும் என் கொள்கை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஆபீஸ் வேலை தொடங்கும் முன்பே ஒருவருக்கு என்னை விளக்கிச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பெண் குழந்தை என்றுதான் என்னை மருத்துவமனையில் எழுதினார்கள். உடம்பும் அதை மறுக்கவில்லை, எனக்கும் உடம்போடு பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது என்னைப் பெண் என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கொரியரை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது போல இருக்கும். ஆண் என்று சொன்னாலும் அதே கதைதான். அந்தப் பார்சலும் என் வீட்டுக்கு வந்ததில்லை.

சின்ன வயதில் இந்த உலகத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, நீ பெண், அடங்கி இரு. இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறார்கள், பிடிக்காவிட்டால் மறுபக்கம் தாண்டிக்கொள்ளலாம். அதைத் திறக்க எத்தனையோ பேர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களை நினைத்தால் மனசுக்குள் கும்பிடு போடுவேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை, முன்பு ஒரு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள், இப்போது இரண்டு வாசலிலும் நிறுத்திக் கேட்கிறார்கள்.

ஆபீஸில் ஒரு வாரம் வானவில் நிறத்தில் தோரணம் கட்டினார்கள். பணியாளர் நலனைக் கவனிக்கும் பெண் சிரித்த முகத்தோடு என் மேஜைக்கு வந்து, "நீங்க டிரான்ஸ்தானுங்களே? மேடையில ரெண்டு வார்த்த பேசுங்களே" என்றார். இல்லை என்றேன். "அப்ப சிஸ்ஸுங்களா?" அதுவும் இல்லை என்றேன். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே இருப்பவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. "ஏதாவது ஒண்ணாத்தானுங்களே இருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு, என்னை மேடம் என்று கூப்பிடுவதா சார் என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் ஒரு கப் கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார். கேக் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பேச வந்திருந்த திருநங்கை ஒருவர் பிறகு என்னோடு கேன்டீனில் டீ குடித்தார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பட்டினி கிடந்து, தன் பெயரைத் தானே சம்பாதித்துக்கொண்ட மனுஷி. என் கையைப் பிடித்து, "பயப்படாத கண்ணு. நானும் இப்பிடித்தான் நடுவுல நின்னுட்டிருந்தேன். ஒரு நாளு தாண்டி வந்துட்டேன். நீயும் வந்துருவே" என்றார். நான் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை, இங்கேயேதான் குடியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பட்ட பாட்டுக்கு முன்னால் அது வேலையற்ற பேச்சாகத் தெரியும் என்று கூச்சமாக இருந்தது. சரிங்கக்கா என்று மட்டும் சொன்னேன்.

இத்தனை அலுப்புக்கும் நடுவில் எனக்கு அலுக்காத ஒரே ஆள் என் தம்பி. அவனுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. அக்கா என்றுதான் கூப்பிடுவான். மற்றவர்கள் வாயில் அந்தச் சொல் என்னைக் குத்தும், அவன் வாயில் குத்தாது. அவனுக்கு அக்கா என்றால் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை, நான். நான் முதன்முதலில் தலைமுடியை வெட்டிக்கொள்ளப் போனபோது சலூன்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த இவன் பக்கத்து நாற்காலியிலிருந்து, "எனக்கு வெட்டற மாதிரியே எங்கக்காளுக்கும் வெட்டுங்க, அண்ணா" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கத் திரும்பிக்கொண்டான். அத்தோடு முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரமாக முடிந்த பேச்சு வேறு இல்லை.

போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஊர் பவானி. எங்கள் வீடு சோமனூரில். அப்பா அங்கே விசைத்தறி ஓட்டுகிறார். பேச்சு வார்த்தை, தட்டு மாற்றுவது எல்லாம் முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. இணைச்சீர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும் உரிமை வரும் முன் அவனுடைய சகோதரி அவன் பக்கத்தில் வந்து சேர வேண்டும். அருமைக்காரர் என்று நாங்கள் அழைக்கும் பெரியவர் சீரை நடத்துவார். புதுச் சேலை ஒன்றை மடித்து, ஒரு முனையை மாப்பிள்ளை கையிலும் மறுமுனையை அவளுடைய கையிலும் கொடுப்பார்கள். கல்யாணம் ஆகிப் போனாலும் கூடப்பிறந்தவள் உறவு அறுந்துவிடாது என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்வதுதான் அந்தச் சீர். அன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவளுக்குத்தான் பின்னால் அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் அழைப்பு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அவனும் நானும் மட்டும்தான்.

தம்பி போனில் கூப்பிட்டான். "நீ என்ன வேண்ணாலும் போட்டுட்டு வா. எம்பக்கத்துல நீதான் உக்காரோணும். வேற ஆராச்சும் வந்து உக்காந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிப்போட்டேன்."

எனக்கும் அதுதான் ஆசை. எந்தச் சடங்கிலும் நான் மனதார நின்றதில்லை. எல்லா வீட்டு விசேஷத்திலும் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பித்து வந்த ஆள் நான். இந்த ஒரே ஒரு சீருக்கு மட்டும், வேறு யாராகவும் இல்லாமல் நானாகவே, அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்து, அவனிடமும் சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னேன். "சேல கட்டாம இணைச்சீரா? சேலதானே கண்ணு அந்தச் சீரே?"

"சேலையக் கையில புடிச்சுக்கறேம்மா. உடம்புல கட்டமாட்டேன்."

"பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கும் நன்றாகவே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சோமனூரிலிருந்து பஸ் பிடித்து, சரவணம்பட்டியில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர், ரகசியம் பேசினாலும் மாடி வீட்டுக்குக் கேட்கும். கையில் ஜவுளிக்கடைப் பை. கட்டிலில் உட்கார்ந்து பையைப் பிரித்து, ஒரு பட்டு வேட்டியையும் சட்டையையும் எடுத்து என் மடியில் வைத்தார். தனக்கும் அதே கரை போட்ட வேட்டிதான் எடுத்திருக்கிறாராம்.

"யூடியூப்புல பாத்தேன் சாமி" என்றார். "உன்னாட்ட நெறையப் பேரு இருக்கறாங்களாமா. இது வியாதி இல்லைன்னு டாக்டருங்களே சொல்றாங்க. நாந்தான் வெவரமில்லாம இருந்துபோட்டேன். இனி நீ எனக்குப் பெரிய பையன். அங்காளி பங்காளி அத்தன பேருத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். இணைச்சீருக்கு உங்க பெரியப்பன் மக உக்காரட்டும். நீ வேட்டியக் கட்டிக்கிட்டு எங்கூட வாசல்ல நின்னு வாரவிங்களக் கும்புடு. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னாலும் போலாம், செலவப் பத்தி நெனைக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி பாசத்தில், பாதி எரிச்சலில். இந்த மனிதர் தறிக் கொட்டகையில் உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத பாஷையில் எத்தனை வீடியோ பார்த்திருப்பார்? தன் மானத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வந்த இடம்தான் தப்பு.

"அப்பா, நான் பையனும் இல்லீங்க."

"பொறவு எதுக்கு சாமி சேல வேண்டாங்கறே?"

"ரெண்டும் இல்லீங்கப்பா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். "ரெண்டும் இல்லாம எங்க சாமி நிக்கறது? மண்டபத்துல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கமுன்னுதானே சேரு போட்டு வெப்பாங்க?"

இந்த ஊரில் என்னைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நேர்மையான கேள்வி அதுதான். தோசை ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். போகும்போது வேட்டியைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அப்பா செய்த நல்லது அவர் பஸ் ஏறும் முன்பே பவானிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் பங்காளிகளிடம் சொன்னதை யாரோ ஒருவர் பெண் வீட்டுப் பக்கத்து உறவிடம் சொல்ல, அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரிய பையன் இருக்கிறான். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அம்மா அதை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"ஒரு பொண்ணு, ஒரு பையன்னுதானுங்க சொன்னீங்க. இப்ப ரெண்டு பையங்கறாங்க. இத்தன நாளு ஏனுங்க சொல்லவே இல்ல? பெரியவன் இருக்கறப்ப சின்னவனுக்கு எதுக்குங்க அவசரம்? பெரியவனுக்கு ஏதாச்சும் கொறைங்களா? குடும்பத்துல வேற எதாச்சும் மறைச்சிருக்கீங்களா?"

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லாத ஒரு அண்ணனைப் பெற்று, வளர்த்து, அவனுக்கு ஒரு நோயையும் கொடுத்து, ஒளித்தும் வைத்துவிட்டார்கள். அதற்குள் மாமா ஒருவர் எனக்கே போன் போட்டு, முதலில் உனக்கு ஒரு இடம் பார்த்து முடித்துவிடலாமே, பெண் கிடைக்காமலா போய்விடும் என்றார். அவர் குரலில் கேலி இல்லை. எந்த வரிசையில் நின்றாலும் அந்த வரிசைக்குரிய கல்யாணம் ஒன்று காத்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா மறுநாள் அழுதாள். "உங்கப்பன் பண்ணுன கூத்துல கல்யாணமே நின்னுபோகுமாட்ட இருக்குது. பொண்ணோட அம்மா போன எடுக்கவே மாட்டேங்கறாங்க. நான் ஆரோட காலுல போயி உழுகறது?"

தம்பி அந்தப் பெண்ணோடு தினமும் பேசிக்கொண்டிருந்தான். அவள் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். என்னால் அது கெட்டுப்போகக் கூடாது. சண்டை போடலாம், விளக்கலாம், பவானிக்கே போய் உட்கார்ந்து பேசலாம். இதையெல்லாம் யோசிக்கும்போதே மூட்டு வலிப்பது போல இருந்தது. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி நான் தேய்ந்துபோய்விட்டேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சேல கட்டிக்கறேன்" என்றேன். "ஒரு நாளுதானே. தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

சொன்னால் அவன் கல்யாணமே வேண்டாம் என்று நிற்பான். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் மூச்சு விட்டது போனில் எனக்குக் கேட்டது. பெரிய பையன் என்று சொன்னதெல்லாம் அப்பா மகளைச் செல்லமாகக் கூப்பிடும் விதம் என்று பவானிக்குச் சேதி போனது. அவர்களும் சிரித்துச் சமாதானமாகிவிட்டார்கள். அப்பாதான் சமாதானமாகவில்லை. "அப்ப என்னைய எதுக்கு சாமி அத்தன பேருகிட்டச் சொல்ல வெச்சே?" என்று கேட்டார். நான் சொல்ல வைக்கவில்லை. ஆனாலும் அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் அறைக் கதவைச் சாத்தி என்னை உட்கார வைத்தார்கள். பெரியப்பா மகள் அளவுக்குத் தைத்த ரவிக்கை தோளில் இறுக்கியது. கிராப்புத் தலையில் சவுரியைச் சேர்த்துக் கட்டி, கொண்டை ஊசிகளால் குத்தி, அது தெரியாத அளவுக்கு மல்லிகையைச் சுற்றினார்கள். அலங்காரம் செய்ய வந்த பெண் என் முகத்தில் பூசிய மாவு காய்ந்து, சிரித்தால் வெடிக்கும்போல இருந்தது. சிரிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அம்மா தன் ஆரத்தைக் கழற்றி எனக்குப் போட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. அவளுக்குக் கிடைக்காத மகள் ஒருத்தி அன்றைக்கு ஒரு மணி நேரம் வந்திருந்தாள்.

உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். "இப்பத்தான் அம்மணி மொகத்துல ஒரு களை வந்திருக்குது." "இத்தன அழக எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" ஒரு அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். திட்டினால் பதில் சொல்லலாம். இவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மேடைக்கு அழைத்துப் போனார்கள். தம்பி ஏற்கெனவே பலகையில் உட்கார்ந்திருந்தான், மாலையும் வேட்டியுமாக. சுற்றிலும் தட்டு ஏந்திய பெண்கள் கூட்டம், கேமராக்காரர்களின் விளக்கு, மேளம். பூவும் நகையும் கனத்ததில் என் தலை குனிந்தே இருந்தது. என்னை அவன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்தை நீட்டி மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருமைக்காரர் சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆரம்பிச்சரலாமுங்களா?" என்றார்.

"சித்தே இருங்க" என்றான் தம்பி. "எங்கக்கா வரோணும்."

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை கேலி பேசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அவன் கேலி பேசவில்லை. நினைவு தெரிந்த நாளாய் அவன் என்னைச் சேலையில் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஏதோ தட்டு எடுத்து வந்த உறவுக்காரப் பெண் என்று எண்ணியிருக்கிறான். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், பாதி திரும்பி, வழியில் போகிறவரிடம் உதவி கேட்பது போல அடக்கமாக என்னிடம் கேட்டான்.

"ஏனுங்க, சித்தே வெளிய பாருங்களே. வெள்ளச் சட்ட போட்டுட்டு எங்கக்கா வந்து நிக்கும். உள்ள வரக் கூச்சப்படும். நாங் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

நான் தலையை நிமிர்த்தினேன்.

அவன் பார்த்தான். பூ, ஆரம், பொட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கண்ணைப் பார்த்தான்.

"புடிடா" என்றேன். "நேரமாகுது."

அருமைக்காரர் சேலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார். மறுமுனையை என் கையில் கொடுத்தார். மேளக்காரர்கள் வேகமாக வாசித்தார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்காவின் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று யாரோ சொல்வது கேட்டது. சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சீர் முடியும்வரை அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.